பேஸ்மேக்கர் வெச்ச பிறகு வந்த சிக்கல்கள்: கடலூர் குடும்பம் ஒண்ணோட ஒரு வருஷம் (நிகழ்வு ஆய்வு)

கடலூர்ல வீட்டுக்கு வீடு போய் கட்டு மாத்துறது, ஊசி போடுறது, பிரஷர் சுகர் பாக்குறதுன்னு நர்சிங் வேலை எனக்கு. இந்த அம்மா வீட்டுக்கு முதல்ல போனது ஆபரேஷன் காயத்த பாக்கத்தான், அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல போக்குவரத்து ஆயிடுச்சு. பேஸ்மேக்கர் வெச்சா பிரச்சனை முடிஞ்சுதுன்னு நெனைக்கிற குடும்பங்கதான் அதிகம், பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் முடியவும் முடியுது. இவங்களுக்கு முடியல. நடந்தத எழுதிக்கச் சொல்லி குடும்பத்துலயே சம்மதம் குடுத்தாங்க, பேரு தெரு ஆஸ்பத்திரி எதுவும் வேணாம்னாங்க, அடையாளம் தெரியிற ஒண்ணு ரெண்டு விஷயத்தையும் மாத்தியிருக்கேன்.

பின்னணி

அம்மாவுக்கு 66 வயசு. புதுப்பாளையம் பக்கம் பல வருஷமா இட்லிக்கடை, இப்ப பெரிய பொண்ணும் மாப்பிள்ளையும் பாத்துக்கறாங்க, ஆனா மாவு பதம் மட்டும் அம்மா கைதான். பிரஷர் இருக்கு, சுகர் இருக்கு, ரெண்டுக்கும் மாத்திரை. யாரோ எப்பவோ எழுதிக் குடுத்த ஆஸ்பிரின் ஒண்ணும் வருஷக்கணக்கா போட்டுட்டு இருந்தாங்க, எதுக்குன்னு கேட்டா "ரத்தம் கெட்டிப்படாம இருக்க" அப்படிங்கற பதில்தான், ஹார்ட் அட்டாக்கோ ஸ்டென்ட்டோ எதுவும் கெடையாது.

ஐப்பசி மாசம் கல்லாவுல உக்காந்திருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. நாடி 36. ஈசிஜில கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தோட மேல் அறை குடுக்குற சிக்னல் கீழ் அறைக்குப் போய்ச் சேரவே இல்ல, கீழ் அறை தன் பாட்டுக்கு மெதுவா அடிச்சுட்டு இருக்கு. மாத்திரையால வந்ததா, உப்புச்சத்து குறைஞ்சு வந்ததான்னு பாத்துட்டு, அப்படி எதுவும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் புதுச்சேரில ஒரு ஆஸ்பத்திரில டபுள் சேம்பர் பேஸ்மேக்கர் வெச்சாங்க. இடது காறை எலும்புக்குக் கீழ தோலுக்கு அடியில மெஷின், அதுலேர்ந்து ரெண்டு லீட், அதாவது கரண்ட் போற மெல்லிசு வயர், ரத்தக்குழாய் வழியா உள்ள போய் ஒண்ணு மேல் அறையிலயும் ஒண்ணு கீழ் அறையிலயும். மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஒரு மூலைல "டிடிடி 60–130"ன்னு மெஷினோட செட்டிங் போட்டிருந்துச்சு. இது குடும்பத்துக்கு எதுவும் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல. ஆனா பின்னாடி எங்களக் காப்பாத்துன ஒரே வரி அதுதான். அந்த 60ங்கறது நிமிஷத்துக்கு 60 துடிப்புக்குக் கீழ இறங்க மெஷின் விடாதுன்னு அர்த்தம்.

முதல் வாரம்: வயித்துல ஒரு துடிப்பு

காயம் நல்லா காஞ்சுட்டு இருந்துச்சு. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அம்மா இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா விலாவுக்குக் கீழ என்னமோ துள்ளுதுன்னாங்க. விக்கல் மாதிரியும் இருக்காம், விக்கல் இல்லையாம். தெருமுனை கிளினிக்ல காட்டுனதுக்கு கேஸ்தான்னு சொல்லி வெறும் வயித்துல போடுற மாத்திரை குடுத்துட்டாங்க. இட்லிக்கடைக்காரங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால யாருக்கும் சந்தேகம் வரல.

நான் போன அன்னிக்கு படுக்க வெச்சு கைய அந்த எடத்துல வெச்சுப் பாத்தேன். ஒரே சீரா துடிக்குது. இன்னொரு கையால மணிக்கட்டு நாடியப் புடிச்சா, ரெண்டும் ஒண்ணாவே போகுது. கேஸ் துடிப்பு நாடியோட தாளம் போடாது. பேஸ்மேக்கர் குடுக்குற கரண்ட் இதயத்துக்குக் கீழ ஒட்டி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானத் தசையையும் சேத்து தூண்டுனா இப்படித்தான் வரும். சில பேருக்கு லீட் சரியான எடத்துல இருந்தும் வர்றது உண்டு, மெஷின்ல வோல்ட்ட கொஞ்சம் குறைச்சா போயிடும். லீட் நகர்ந்திருந்தாலும் வரும், அபூர்வமா இதயச் சுவர துளைச்சிருந்தாலும் வரும். வெளியிலேர்ந்து பாத்து இதுல எதுன்னு சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டோம், மறுநாள் காலைல செக்கிங்குக்குக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. தலைசுத்தல், மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி இதுல எது வந்தாலும் காலை வரைக்கும் வெயிட் பண்ணாதீங்கன்னும் சொன்னாங்க.

அம்மாவுக்கு கடைக் கணக்கு எழுதுற பழக்கம், தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல எழுதுவாங்க. அதுலயே எழுதச் சொன்னேன், எத்தன மணி, எப்படிப் படுத்திருந்தீங்க, என்ன ஆச்சு, அவ்வளவுதான். முதல் தாள்ல இருந்தது இது: "மதியம் 3 இடது பக்கம் துள்ளல். திரும்பிப் படுத்தா இல்லை. சாயங்காலம் 6½ எழுந்தேன் கிறுகிறுப்பு." கிறுகிறுப்ப எங்ககிட்ட யாருகிட்டயும் சொல்லல, பேப்பர்ல மட்டும் எழுதி வெச்சிருக்காங்க. பயப்படுவாங்கன்னு சொல்லலயாம்.

அந்த ராத்திரி

ஒன்பது மணி சுமாருக்கு பாத்ரூம் போக எழுந்தவங்க கதவப் புடிச்சுட்டு நின்னுட்டாங்க. கொரோனா சமயத்துல வாங்குன ஆக்சிமீட்டர் ஒண்ணு வீட்டுல கெடந்துச்சு, பொண்ணு அத மாட்டிட்டு எனக்கு போன் பண்றாங்க. "அக்கா 98 காட்டுது, நல்லாத்தான் இருக்கு." அது ஆக்சிஜன், கீழ இருக்குற இன்னொரு நம்பரப் படிங்கன்னேன். "42... இப்ப 61... மறுபடி 41."

ஒண்ணு சொல்லணும். ஆக்சிமீட்டர் நாடி நம்பர அப்படியே நம்பக்கூடாது, நடுவுல எக்ஸ்ட்ரா துடிப்பு வந்தாலும் பாதியா எண்ணிக் காட்டும், கை சில்லுனு இருந்தாலும் தப்பா காட்டும், சில பேஸ்மேக்கர்ல தூங்குற நேரத்துக்குன்னு 50 வரைக்கும் இறங்க விட்டும் வெச்சிருப்பாங்க. ஆனா 60ல வெச்ச மெஷின், முழிச்சு நிக்கிற ஆளு, தலைசுத்தல், கூடவே 41ன்னா அது வேற.

இங்கதான் முதல் முடிவு. மழை கொட்டுது, புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான்னாலும் அந்த மழைல மரப்பாலம் ஜங்ஷன் தாண்டி ஊருக்குள்ள போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ல முடியாது. மாப்பிள்ளை ஆட்டோ புடிச்சு நேரா வெச்ச எடத்துக்கே போயிடலாம்னாரு. நான் வேணாம்னேன். வழில மயங்கி விழுந்தா ஆட்டோல என்ன பண்றது, அதனால 108ஐ கூப்ட்டு முதல்ல கடலூர்லயே பக்கத்துல ஈசிஜி எடுத்து மானிட்டர்ல போடுவோம், அங்கேர்ந்து ஆம்புலன்ஸ்ல போகலாம்னேன். அப்படித்தான் போனாங்க. ஈசிஜி பேப்பர்ல மெஷினோட ஸ்பைக் குச்சி குச்சியா வரிசையா விழுந்திருக்கு, சில குச்சிக்குப் பின்னாடி துடிப்பு இருக்கு, சிலதுக்கு இல்ல. மெஷின் கரண்ட் குடுக்குது, இதயம் வாங்கல. ட்யூட்டில இருந்த டாக்டர் அதப் பாத்த உடனே புதுச்சேரிக்கு போன் பண்ணி, டாக்டர் ஒருத்தர் கூடவே வர ஆம்புலன்ஸ்ல அனுப்பி வெச்சாரு.

போற அவசரத்துல பேஸ்மேக்கர் அடையாள அட்டைய பீரோல விட்டுட்டுப் போயிட்டாங்க. எந்தக் கம்பெனி மெஷின்னு தெரிஞ்சாத்தான் அந்தக் கம்பெனி ப்ரோகிராமர, அதாவது வெளிலேர்ந்து செக் பண்ற கருவிய வெச்சு பேஸ்மேக்கரோட பேச முடியும், ஒரு கம்பெனியோடது இன்னொண்ணுக்கு ஒத்து வராது. வெச்ச ஆஸ்பத்திரிக்கே போனதால ரெக்கார்டுல இருந்துச்சு, வேற எங்கயாவது போயிருந்தா அந்த ராத்திரி நேரத்துல அலைஞ்சிருக்கணும்.

லீட் நகர்ந்திருக்கு

செக் பண்ணதுல, கீழ் அறை லீட்டுக்கு இதயத்த அடிக்க வைக்கத் தேவையான குறைந்தபட்ச வோல்ட் வெச்ச அன்னிக்கு 0.6, இப்ப 3.75. மெஷின் குடுத்துட்டு இருந்ததோ 3.5. அதான் படுக்குற நிக்கிற பொசிஷனப் பொறுத்து சில நேரம் புடிக்குது சில நேரம் விட்டுடுது. எக்ஸ்ரேல லீட் நுனி பழைய எடத்துலேர்ந்து நகர்ந்திருந்தது தெரிஞ்சுது. நுரையீரல்ல காத்துக் கசிவு இல்ல, எக்கோல இதயத்தச் சுத்தி தண்ணி சேரல, ஆக துளை விழுந்ததுக்கான அடையாளம் இல்ல.

ராத்திரியோட ராத்திரியா கீறாம, வோல்ட்ட 5க்கு ஏத்திட்டு ஐசியூல மானிட்டர்ல வெச்சாங்க. நாடி 60க்கு வந்துடுச்சு, ஆனா வயித்துத் துடிப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு, புடவை மேலயே தெரிஞ்சுதுன்னு பொண்ணு சொல்றாங்க. அத நேர்ல பாத்த குடும்பத்துக்கு ரொம்ப பயம், சரி பண்றேன்னு சொல்லி இன்னும் கெடுத்துட்டாங்களோன்னு சண்டைக்கே போயிருப்பாங்க போல. அந்தத் துடிப்பு தொந்தரவுதான், ஆபத்து இல்ல, அத விட நாடி முக்கியம்னு ஒரு நர்ஸ் வந்து நிதானமா சொன்னதுக்கு அப்புறம்தான் அடங்குனாங்க.

லீட்ட மறுபடி சரியா வைக்கணும்னா அதே காயத்தத் திறக்கணும். அம்மா முடியாதுன்னுட்டாங்க. "ஒரு வாரத்துக்குள்ள ரெண்டு கத்தியா, விட்ருங்க, போறது போகட்டும்." பொண்ணு ஒரு பக்கம் அழுகை. டாக்டர் வந்து கட்டில் பக்கத்துல உக்காந்து 1958ல சுவீடன்ல முதல்முதலா உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வெச்சுக்கிட்ட ஆளப் பத்தி சொன்னாராம். ஆர்னே லார்சன்னு பேரு, வெச்ச முதல் மெஷின் சில மணி நேரத்துலயே நின்னுடுச்சு, அப்புறம் வாழ்க்கை முழுக்க இருபதுக்கு மேல மெஷின் மாத்திட்டாங்க, 2001ல 86 வயசுல வேற நோய்ல இறந்தாரு, அவருக்கு ஆபரேஷன் பண்ண டாக்டரும் மெஷின் செஞ்ச இன்ஜினியரும் அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க. அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அந்தாளு இருபது தடவையும் ஒத்துக்கிட்டாரா?" அப்புறம் கையெழுத்து போட்டுட்டாங்க.

மறுநாள் காலைல நுனிய வேற எடத்துல, ரெண்டு கீழ் அறைக்கும் நடுவுல இருக்குற சுவர்ல, திருகிப் பதிய வெச்சாங்க. தேவைப்படுற வோல்ட் 0.7. வயித்துத் துடிப்பு அன்னியோட போச்சு.

ரெண்டாவது தடவைக்கு அப்புறம் வீக்கம்

வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள் மெஷின் மேல எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிடுச்சு, சுத்தி கருநீலம். காய்ச்சல் இல்ல, சீழ் இல்ல, தொட்டா லேசா வலி. உள்ள ரத்தம் கட்டியிருக்கு. ஆஸ்பிரின நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல, மாத்திரை டப்பால இருந்ததால அம்மா பழக்கப்படி போட்டுட்டு இருந்திருக்காங்க.

இங்க பக்கத்துல ஒரு டாக்டர் ஊசி போட்டு ரத்தத்த உறிஞ்சி எடுத்துடலாம், ரெண்டு நிமிஷ வேலைன்னாரு. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சப்பத்து போடச் சொல்றாங்க. ரெண்டும் பாசத்துல சொல்றதுதான். ஊசி வேணாம்னு பொண்ணுதான் உறுதியா நின்னாங்க, எதுன்னாலும் வெச்ச எடத்துல கேட்டுட்டுன்னு.

கேட்டதுல கண்டிப்பா ஊசி கூடாதுன்னாங்க. காரணம் ரொம்ப முக்கியம், மத்த வீக்கத்துக்கும் இதுக்கும் வித்தியாசமே அதுதான். உள்ள இருக்குறது உடம்புக்குச் சேராத பொருள், ஊசி வழியா வெளில இருக்குற கிருமி அதுமேல போய் ஒட்டிக்கிட்டா ஆன்டிபயாட்டிக் அங்க போய் அத அழிக்க முடியாது, மெஷின் லீட் மொத்தத்தையும் எடுத்து, கிருமி போனப்புறம் வேற பக்கம் புதுசா வைக்கணும். 2016ல கனடாக்காரங்க வெளியிட்ட ஆய்வு ஒண்ணுல, இந்த மாதிரி பெரிய ரத்தக்கட்டு வந்தவங்கள்ல 11 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள ஆஸ்பத்திரில சேர்ற அளவுக்கு இன்ஃபெக்ஷன் வந்திருக்கு, வராதவங்கள்ல 1.5 சதவீதம்தான். ரத்தக்கட்டே ஒரு ஆபத்து, அதுல போய் குத்துறது அடுத்த ஆபத்து. தோல் மெலிஞ்சு பளபளன்னு இழுத்துக்கிட்டா, வலி தாங்க முடியலன்னா, காயம் கசிஞ்சா தியேட்டர்ல வெச்சு திறந்து சுத்தம் பண்ணுவோம், இல்லன்னா அதுவா கரையட்டும்னாங்க.

ஆஸ்பிரின டாக்டர் நிறுத்திட்டாரு, அம்மாவுக்கு அது தேவையே இல்லன்னும் சொன்னாரு. அழுத்தக் கட்டு போட்டோம். நான் செஞ்சது, வீக்கத்தோட ஓரத்துல பால்பாயின்ட் பேனால ஒரு கோடு. பொண்ணு தெனமும் குளிக்கிற நேரத்துக்கு, அதே ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. கோட்டத் தாண்டுனா போன், சிவப்பு பரவுனா போன், காய்ச்சல் 100க்கு மேல போனா போன், ஒண்ணும் இல்லன்னா சும்மா போட்டோ மட்டும். அப்படி வெச்சப்புறம் "பெருசாயிடுச்சா, அப்படியே இருக்கா"ன்னு வீட்டுல நடந்துட்டு இருந்த வாக்குவாதம் நின்னுச்சு. அம்மா வேற கண்ணாடி முன்னாடி நின்னு மணிக்கொரு தரம் அமுக்கிப் பாப்பாங்க, அதுவும் நின்னுச்சு. நீலம் பச்சையாகி மஞ்சளாகி, மூணு வாரத்துல கரைஞ்சுது.

இடது கை

லீட் நகர்ந்தது தன்னாலதான்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க, மாவு அண்டாவ தொட்டதாலதான்னு. அப்படி எதுவும் நிச்சயமா சொல்ல முடியாது, லீட் நகர்றது பெரும்பாலும் முதல் சில வாரத்துல நடக்குது, எல்லாம் சரியா இருந்த ஆளுக்கும் நடக்குது. சொன்னா கேக்கல. துண்டால கைய ஒடம்போட சேத்துக் கட்டிட்டாங்க, ராத்திரிலயும். தை மாசம் பொங்கலுக்கு அப்புறம் பாத்தா கை தோளுக்குக் கூட வரல, ஜாக்கெட் போட பொண்ணு உதவணும், பின்னல் போட முடியல.

நாலுலேர்ந்து ஆறு வாரம் தோளுக்கு மேல தூக்காதீங்க, கனம் தூக்காதீங்க, வெடுக்குன்னு பின்னாடி இழுக்காதீங்கங்கறதுதான் பொதுவா சொல்றது. கைய அசைக்கவே கூடாதுன்னு யாரும் சொல்றதில்ல, தோளுக்குக் கீழ அசைச்சுட்டே இருக்கணும். ஆனா டிஸ்சார்ஜ் பேப்பர்ல செய்யக்கூடாதது மட்டும்தான் இருக்கும், எப்பலேர்ந்து செய்யலாம்ங்கறது இருக்காது. எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம். பயந்த ஆளு தடைய மட்டும்தான் படிப்பாங்க, முடியிற தேதி போடாத தடை முடியவே முடியாது.

பிசியோதெரபிஸ்ட் கிட்ட போக முதல்ல ஒத்துக்கல. மெஷின செக் பண்ணி வோல்ட் 0.7லயே இருக்குன்னு டாக்டர் காட்டினப்புறம், எக்ஸ்ரேல நுனி அதே எடத்துல இருக்குன்னு பாத்தப்புறம் போனாங்க. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் போய் சாமி பாத்துட்டு வந்தாங்க, கூட்டத்துல இடிப்பாங்கன்னு பொண்ணு இடது பக்கமாவே நடந்தாங்க. கை முழுசா மேல போக சித்திரை ஆயிடுச்சு.

கேட்ட கேள்விங்க

இந்த மாசங்கள்ல அம்மா கேட்டதுல பாதி மெஷினப் பத்தி, பாதி சாவப் பத்தி. கிரைண்டர் கிட்ட போலாமா? போலாம், ஓடுற மோட்டார் மேல நெஞ்சச் சாய்ச்சுக்கிட்டு மாவு வழிக்காதீங்க, ஒரு முழம் தள்ளி நில்லுங்க. போன் வலது காதுல, மெஷின்லேர்ந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி, ஜாக்கெட்டுக்குள்ள சொருகாதீங்க. இன்டக்ஷன் அடுப்புக்கு ரெண்டடி தூரம், கேஸ் அடுப்புக்கு ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளையோட தம்பி வெல்டிங் பட்டறை வெச்சிருக்காரு, அந்தப் பக்கம் நடந்து போறதுல தப்பில்ல, பக்கத்துல நின்னு கம்பியப் புடிச்சுக் குடுக்காதீங்க.

பேட்டரி தீர்ந்தா டக்குன்னு நின்னுடுமா? நிக்காது, 8லேர்ந்து 12 வருஷம் சாதாரணமா வரும், தீரப் போகுதுன்னு மெஷின் முன்னாடியே காட்டும், அதுக்கப்புறமும் பொதுவா மாசக்கணக்குல டைம் இருக்கும். அதுக்குத்தான் செக்கிங்.

ஒரு நாள் பொண்ணு கடைக்குப் போனப்புறம் மெதுவா கேட்டாங்க, "உசுரு போற நேரத்துல இந்த மெஷின் விடாம அடிச்சுட்டே இருக்குமாமே, இழுத்துட்டுக் கெடப்பேனா?" வயசானவங்க நிறைய பேருக்கு இந்தக் கேள்வி இருக்கு, வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க. அப்படி இல்லம்மா, ஒடம்பு ஓஞ்சு போறப்ப இதயத் தசை கரண்ட்ட வாங்காது, மெஷின் தட்டும், கதவு திறக்காது, அவ்வளவுதான்னேன். கூடவே இன்னொண்ணும் சொன்னேன், எரிக்கிறதா இருந்தா முன்னாடியே மெஷின எடுக்கச் சொல்லி பொண்ணுகிட்ட சொல்லி வைங்க, சூட்டுல பேட்டரி வெடிக்கும். சிரிச்சுட்டாங்க. அதயும் காலண்டர் தாள்ல எழுதி பீரோல வெச்சாங்க.

ஆறாம் மாசம்: மெஷின் சொன்ன புது சேதி

சித்திரை செக்கிங்ல லீட் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு. கீழ் அறைக்கு 99 சதவீதம் மெஷின்தான் அடிக்குது, அதனால வருஷத்துக்கு ஒரு தடவ எக்கோ பாத்து இதயத்தோட பம்பிங் குறையுதான்னு பாக்கணும்னாங்க, அப்போதைக்கு 58 சதவீதம் இருந்துச்சு, நார்மல். அப்புறம்தான் டாக்டர் ஸ்கிரீனத் திருப்பிக் காட்டினாரு. மேல் அறை சில நேரம் ஒழுங்கில்லாம படபடன்னு வேகமா அடிச்சத மெஷின் தானா பதிவு பண்ணி வெச்சிருக்கு, அதிகபட்சம் 5 மணி நேரம். அம்மாவுக்கு அந்த நேரத்துல ஒண்ணுமே தெரியல, காலண்டர் தாள்லயும் எதுவும் இல்ல.

இதுதான் இந்தக் கேஸ்ல ரொம்பக் கஷ்டமான எடம்னு நெனைக்கிறேன். லீட் நகர்ந்தா என்ன பண்ணணும்னு தெளிவு இருக்கு. இதுல டாக்டருங்களுக்குள்ளயே ஒரே பதில் கெடையாது. இப்படி அடிக்கும்போது மேல் அறைல ரத்தம் தேங்கி கட்டியாகி மூளைக்குப் போனா பக்கவாதம். தடுக்கிறதுக்கு ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை, ஆனா அது ரத்தக்கசிவக் கூட்டும், இவங்களுக்கு ஏற்கனவே ரத்தம் கட்டுன கதை இருக்கு. ஈசிஜிலயே புடிபடுற மாதிரி இருந்தா மாத்திரை கட்டாயம்னு சொல்லிடலாம், மெஷின் மட்டும் பாத்த குட்டிக் குட்டி படபடப்புக்கு 2023ல ரெண்டு பெரிய ஆய்வு வந்துச்சு. ஒண்ணுல எடாக்சபான்ங்கற ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, பெருசா பலன் தெரியல, கசிவுதான் கூடிச்சு, நடுவுலயே நிறுத்திட்டாங்க. இன்னொண்ணுல அதே வகை மாத்திரையான அபிக்ஸபான ஆஸ்பிரினோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, பக்கவாதம் வருஷத்துக்கு 1.24 சதவீதத்துலேர்ந்து 0.78 ஆச்சு, பெரிய ரத்தக்கசிவு 0.94லேர்ந்து 1.71 ஆச்சு.

டாக்டர் இத ஆயிரம் பேர் கணக்குல சொன்னாரு. ஆயிரம் பேருக்கு ஒரு வருஷம் குடுத்தா நாலஞ்சு பக்கவாதம் குறையும், ஏழெட்டு பெரிய கசிவு கூடும், ஆனா கசிவுல பெரும்பாலானவங்க தேறிடுவாங்க, பக்கவாதம் வந்தா கை கால் போயிடும், அதனால எண்ணிக்கைய மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. பக்கவாத ரிஸ்க் ஸ்கோர் அம்மாவுக்கு 4, வயசு பிரஷர் சுகர் பொம்பளைங்கறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. 4க்கு மேல இருக்கிறவங்களுக்குத்தான் பலன் நல்லா தெரிஞ்சுது, கீழ இருக்கிறவங்களுக்கு கம்மி, அம்மா சரியா நடுக்கோட்டுல.

மாப்பிள்ளை, "நீங்களே ஒண்ணு சொல்லுங்க சார்"னாரு. பொண்ணு உடனே ஆரம்பிச்சுடலாம்னாங்க. அம்மா அந்த வீக்கத்த மறக்கல, வேணாம்னாங்க. முடிவா எடுத்தது இது: இப்ப ஆரம்பிக்கல. மூணு மாசத்துல மறுபடி செக்கிங். அதுல ஏதாவது ஒரு தடவ 24 மணி நேரத்துக்கு மேல போயிருந்தா மறு பேச்சு இல்லாம மாத்திரை. நடுவுல வாய் கோணல், ஒரு கை தொங்கல், பேச்சு குழறல் எது வந்தாலும் நேரம் குறிச்சுட்டு 108. பிரஷர 130க்குக் கீழ கொண்டு வரணும், அது ரெண்டு பக்கத்துக்கும் நல்லது. காலண்டர் தாள்ல எழுதி ப்ரிட்ஜ் கதவுல ஒட்டியாச்சு.

என்ன ஆச்சு

ஆடி மாச செக்கிங்ல ஒரு தடவ 31 மணி நேரம் பதிவாகியிருந்துச்சு. அபிக்ஸபான் 5 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கிட்னி டெஸ்ட் பாத்துட்டு. அன்னிக்கு வீட்டுல யாரும் பதறல, சண்டையும் இல்ல. அம்மாதான் "எழுதி வெச்சதுதானே, போடுங்க"ன்னாங்க. பல் தேய்க்கும்போது லேசா ரத்தம் வருதுன்னு ஒரு தடவ போன், பிரஷ்ஷ மாத்தி சாஃப்ட்டா வாங்குனதுல சரியாச்சு. ரத்தக்கட்டு வந்த எடத்துல வருஷம் தாண்டியும் இன்ஃபெக்ஷன் வரல, தோல் நார்மல். கை நல்லா தூக்குறாங்க. காலைல ஒரு மணி நேரம் கடையில உக்காருறாங்க, அண்டா தூக்குறது மாப்பிள்ளை.

ராத்திரி எழுந்தா இன்னும் ஆக்சிமீட்டர் போட்டுப் பாக்குறாங்க. நான் தடுக்கல, ஆனா ஒரு தடவ பாருங்க, 60க்கு மேல இருந்தா கழட்டிட்டுத் தூங்குங்கன்னு சொல்லியிருக்கேன். சில நாள் கேக்குறாங்க.

என்ன மாத்தணும்

இப்ப பேஸ்மேக்கர் வெச்சுட்டு வர்ற வீட்டுக்குப் போனா முதல் நாளே டிஸ்சார்ஜ் பேப்பர்ல அந்த 60ஓ 50ஓ எதுன்னு பாத்து பெரிய எழுத்துல சுவர்ல எழுதிடுறேன், ராத்திரிக்குத் தனி நம்பர் வெச்சிருக்கான்னும் ஆஸ்பத்திரில கேட்டுக்கறோம். அடையாள அட்டைய போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேர் போன்ல வெச்சுக்கச் சொல்றேன், அட்டை பர்ஸ்லயே இருக்கணும். விக்கல், வயித்துத் துள்ளல் வந்தா நாடியோட சேந்து வருதான்னு கை வெச்சுப் பாக்குறது எப்படின்னு வீட்டு ஆளு ஒருத்தருக்குக் கத்துக் குடுக்குறேன், அது ரெண்டு நிமிஷம்.

பழைய மாத்திரை டப்பாவ முழுசா கொட்டி, ஒவ்வொண்ணும் எதுக்குன்னு டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே கேக்கச் சொல்றேன். அதுக்காக ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய தானா நிறுத்திடக்கூடாது, வால்வு மாத்துனவங்க, ஸ்டென்ட் வெச்சவங்க நிறுத்துனா அது பெரிய ஆபத்து, டாக்டர் சொல்லணும்.

கைக்கு தேதி. "இந்தத் தேதி வரைக்கும் தோளுக்குக் கீழ, இந்தத் தேதிலேர்ந்து மேல"ன்னு டாக்டரக் கேட்டு காலண்டர்லயே ரெண்டு நாளையும் வட்டம் போட்டுடறோம். டிஸ்சார்ஜ் பேப்பர்லயே இத அச்சடிச்சுக் குடுத்தா நல்லாருக்கும்னு அந்த ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்திருக்கோம், இன்னும் பதில் வரல.